மாநகராட்சிக்குத் துணிப்பை சப்ளை செய்ய: முதல் டெண்டருக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் துணிப்பை என்று அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்த பிறகு தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எனப் பல உள்ளாட்சிகள் துணிப்பை வாங்குகின்றன. விழிப்புணர்வு நிகழ்ச்சியில் கொடுக்க, சந்தையில் வைத்திருக்கும், காசு போட்டால் பை தரும் மஞ்சப்பை இயந்திரத்தை நிரப்ப, பள்ளிகளில் விநியோகிக்க என்று தேவை இருந்துகொண்டே இருக்கிறது. நாலைந்து தையல் மெஷினோடு பட்டறை நடத்துகிறவர்களும் மகளிர் குழுக்களும் "நாங்களும் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். நானும் அப்படி உள்ளே வந்தவள்தான். ஆனால் எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்பதில் தொடங்கி, பில் பணம் எங்கே நிற்கிறது என்பது வரை ஒவ்வொன்றையும் அலைந்து அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பை சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு நல்லது என்பதற்காக எந்த அதிகாரியும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க முடியாது. தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 படி, டெண்டர் ஆவணத்தில் எழுதியிருக்கும் அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அதில் தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் ஆர்டர். ஆகவே "பசுமைப் பொருள்" என்ற தகுதி டெண்டரின் தரக்குறிப்பில் இருந்தால்தான் உண்டு. அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் டெண்டர் வெளியாவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை என்பதற்குக் காரணம் இதுதான்.

1. யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

துணிப்பை பெரும்பாலும் சுகாதாரப் பிரிவின் தேவை. மாநகராட்சியில் மாநகர் நல அலுவலரின் கீழ் வரும். நகராட்சியில் துப்புரவு அலுவலர், சுகாதார ஆய்வாளர்கள் பக்கம் கேட்க வேண்டும். தேவையை எழுதுவது இந்தப் பிரிவு, டெண்டர் கோப்பு நகர்வது வேறு பிரிவில், பணம் கொடுப்பது கணக்குப் பிரிவு. மூன்று பேரும் மூன்று ஆட்கள் என்பதை மறக்காதீர்கள்.

சிறிய தொகை என்றால் டெண்டர் இல்லாமல் கொட்டேஷன் வாங்கியே முடிப்பார்கள். வரம்பு உள்ளாட்சியின் வகையைப் பொறுத்து மாறும். நேரில் கேட்டால் சொல்வார்கள். புதியவர்களுக்கு இதுதான் நல்ல வாசல். பெரிய டெண்டர்களில் "கடந்த 3 ஆண்டுகளில் இதே பொருளை அரசு அமைப்புக்கு சப்ளை செய்திருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். பேரூராட்சி, அரசுப் பள்ளி, கோயில் நிர்வாகம் என்று சின்னச் சின்ன ஆர்டர்களாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ‘திருப்திகரமாக முடித்தார்’ என்ற சான்றிதழைக் கையோடு வாங்கிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கையெழுத்துப் போட்டவர் மாறுதலில் போயிருப்பார்.

சென்ற ஆண்டு என்ன வாங்கினார்கள், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. அரசின் மின் கொள்முதல் தளத்தில் முடிந்த டெண்டர்களின் விவரம் கிடைக்கும். அங்கே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். "கடந்த ஆண்டு துணிப்பை கொள்முதலின் தரக்குறிப்பு, சப்ளை ஆர்டர் நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

2. பதிவுகளை இன்றே தொடங்குங்கள்

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான் இருந்தால் போதும். கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி 1,500, 2,000 ரூபாய் வாங்கும் தனியார் தளங்கள்தான் முதலில் வரும்; ஏமாறாதீர்கள். பதியும்போது ‘உற்பத்தி’ என்று பதியுங்கள். தொழில் குறியீட்டில் 1392, அதாவது ஆயத்த ஆடையல்லாத தைத்த துணிப் பொருட்கள், இருக்கிறதா என்று பாருங்கள். ‘வணிகம்’ என்று பதிந்துவிட்டால் பின்னால் பெரிய இழப்பு. அதைப் பணம் வாங்கும் படியில் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி: மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் டெண்டர்களில் ஜிஎஸ்டி எண் கேட்பார்கள். எடுத்துவிடுவதே நல்லது.

டெண்டர் தளத்தில் கையெழுத்திட மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதை வைத்திருக்கும் யுஎஸ்பி டோக்கனோடு சேர்த்து, விற்பவரைப் பொறுத்து சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும். இரண்டு ஆண்டுக்கு எடுங்கள். யார் டெண்டரில் கையெழுத்துப் போடுவாரோ அவர் பெயரிலேயே எடுக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் பெயரில் எடுத்து ஓட்டுவது வேண்டாம். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் உங்கள் டெண்டரும் போகும். மகளிர் குழுவாக இருந்தால், யாருக்கு அதிகாரம் என்று தீர்மானம் போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஆடிட்டரிடம் விற்றுமுதல் சான்றிதழ். ஆடிட்டரின் ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனியாகக் கிடைக்கும் யூடிஐஎன் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத சான்றிதழை ஒதுக்கிவிடுவார்கள்.

3. தரக்குறிப்பு: மொத்த விஷயமும் இங்கேதான்

"துணிப்பை, மஞ்சள் நிறம், 14க்கு 16 அங்குலம், அச்சுடன்" என்று மட்டும் டெண்டரில் எழுதியிருந்தால் என்ன நடக்கும்? ஒருவர் நல்ல காடாத் துணியில் தைத்து விலை போடுவார். இன்னொருவர் பாலியஸ்டர் கலந்த துணியில் போடுவார். மூன்றாமவர் நான்-ஓவன் பையை மஞ்சள் நிறத்தில் கொண்டுவந்து வைப்பார். தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும், ஆனால் அது பாலிபுரோப்பிலீன், முழுக்க பிளாஸ்டிக். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் நான்-ஓவன் பையும் இருக்கிறது. அப்படியிருந்தும் தரக்குறிப்பு தெளிவாக இல்லாத இடத்தில் அது உள்ளே நுழைய முயலும், விலையில் அதனோடு நம்மால் போட்டி போடவே முடியாது. பிளாஸ்டிக்கை ஒழிக்க ஒதுக்கிய பணத்தில் பிளாஸ்டிக் பை வாங்குவது எவ்வளவு பெரிய அநியாயம்! இதை நினைத்தாலே எனக்கு ஆறாது.

ஆகவே தேவையை எழுதும் பிரிவுக்கு, டெண்டர் வருவதற்கு முன்பே, எழுத்துப்பூர்வமாக ஒரு கடிதம் கொடுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி எழுதச் சொல்வது தவறு, செல்லவும் செல்லாது. யாராலும் சோதித்துப் பார்க்கக்கூடிய அம்சங்களை மட்டும் பரிந்துரையுங்கள். குறைந்தது இவை இருக்க வேண்டும்:

நூல்: 100 சதவீதம் பருத்தி. பாலியஸ்டர் கலப்பும் நான்-ஓவனும் ஏற்கப்படாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

எடை: சதுர மீட்டருக்கு இத்தனை கிராம், அதாவது ஜி.எஸ்.எம். அதுவும் ‘கஞ்சி நீக்கிய பின்’ என்ற சொல்லோடு. நெசவின்போது பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு, போடும் கஞ்சி துணியிலேயே தங்கும். கஞ்சியோடு எடை போட்டால் மெல்லிய துணியும் கனமான துணியாகக் கணக்கில் வரும். ஒரு முறை துவைத்ததும் பை தொளதொளத்துப் போகும்.

கைப்பிடி: நீளம், அகலம், பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல். பை கிழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பாரம்: இத்தனை கிலோவை இத்தனை நேரம் தொங்கவிட்டால் தையல் பிரியக்கூடாது.

பேக்கிங்: பாலித்தீன் உறையில் தனித்தனியாகப் போடக்கூடாது, சாக்கிலோ அட்டைப் பெட்டியிலோ மொத்தமாக. இதை எழுதாததால், மஞ்சப்பைகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் கவருக்குள் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

எடையை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். 14க்கு 16 அங்குலப் பைக்கு மடிப்பு, கைப்பிடி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 0.39 சதுர மீட்டர் துணி போகும். 140 ஜி.எஸ்.எம். துணி என்றால் ஒரு பை சுமார் 55 கிராம். அதையே ஒருவர் 120-ல் தைத்தால் பைக்கு 8 கிராம் குறையும். 50,000 பைக்கு ஏறத்தாழ 390 கிலோ துணி. தரக்குறிப்பில் எடை இல்லையென்றால் அந்த 390 கிலோவின் விலையைக் குறைத்துக் கேட்கிறவருக்கு ஆர்டர் போகும், நேர்மையாகத் தைத்தவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

டெண்டர் ஏற்கெனவே வெளியாகிவிட்டது, தரக்குறிப்பில் ஓட்டை இருக்கிறது என்றாலும் வழி உண்டு. விலை போடுவதற்கு முன் சந்தேகம் கேட்க முன்னோட்டக் கூட்டம் வைத்திருந்தால் அதற்குப் போங்கள். இல்லையென்றால் விளக்கம் கேட்பதற்கான கடைசித் தேதிக்குள் எழுத்தில் கேளுங்கள். "நான்-ஓவன் ஏற்கப்படுமா? எடை கஞ்சி நீக்கும் முன்பா, பின்பா?" என்று கேள்வியாகக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும், அந்தப் பதில் எல்லாருக்கும் பொருந்தும் திருத்தமாக வெளியாகும். வாய்மொழியாக "அதெல்லாம் பார்த்துக்குவோம்மா" என்று சொன்னால் அதை நம்பி விலை போடாதீர்கள்.

4. சோதனை அறிக்கையை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்

2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. காரணத்தை எழுதிவைத்து அதையும் குறைக்க மேலதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை வரவே ஒன்றிரண்டு வாரம் போய்விடும். டெண்டரைப் பார்த்த பிறகு துணியை அனுப்பினால் எட்டாது.

கோவையில் சிட்ரா என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், மத்திய அரசின் ஜவுளிக் குழுவின் கூடங்கள், என்.ஏ.பி.எல். என்ற தேசியப் பரிசோதனைக் கூட வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்கள் என்று பல இடங்கள் இருக்கின்றன. நூல் கலவை, ஜி.எஸ்.எம்., துணியின் இழுவிசை, சாயம் போகுமா என்ற நான்கு சோதனை போதும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், கட்டணப் பட்டியலைக் கேட்டுவாங்கிய பிறகு அனுப்புங்கள். அறிக்கை உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். துணி கொடுத்த மில்லின் பெயரில் இருந்தால் தள்ளிவிடுவார்கள்.

துணி வாங்கும்போதே நீங்களும் சோதிக்கலாம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, வெந்நீரில் நன்றாக அலசிக் காயவைத்து, நகைக்கடைத் தராசு மாதிரி நுண்ணிய தராசில் வையுங்கள். வருகிற கிராமை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வீட்டில் அலசினால் கஞ்சி முழுதாகப் போகாது என்பதால் கூடத்து அளவு இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். அதற்கு இடம் விட்டே துணியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து எரியுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், விரலால் தேய்த்தால் சாம்பல் தூளாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையும் எரித்துப் பாருங்கள்; ஒன்று பருத்தியாகவும் மற்றது கலப்பாகவும் இருக்கிற துணி சந்தையில் உண்டு.

துணிப்பை அல்லாமல் மக்கும் பிளாஸ்டிக் பை விற்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அதற்கு ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தரமும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் சந்தைக்கே கொண்டுவரக்கூடாது. அது தனிப் பாதை, செலவும் காலமும் பல மடங்கு.

5. விலை போடும்போது

துணி, நூல், வெட்டுக் கூலி, தையல் கூலி, அச்சு என்று எல்லாரும் கணக்குப் போடுவார்கள். விடுபடுவது இவைதான்: வெட்டும்போது வீணாகும் துணி, பரிசோதனைக் கட்டணம், மண்டல அலுவலகம் தோறும் தனித்தனியாக இறக்க வேண்டியிருந்தால் வண்டி வாடகை, ஆர்டர் கிடைத்ததும் உத்தரவாதமாகக் கட்டும் பாதுகாப்பு வைப்புத் தொகை மாதக்கணக்கில் முடங்குவது, பில் வரும் வரை துணிக்காரருக்குக் கட்டும் வட்டி. டெலிவரி இடம் ஒன்றா பதினைந்தா என்று டெண்டரில் தேடிப் பாருங்கள். எங்கேயாவது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

டெண்டர் போடும்போதே கட்டும் இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை பெரும்பாலும் மதிப்பில் 1 சதவீதம். மாநிலத்துக்குள் உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பல டெண்டர்களில் விலக்கு உண்டு. ஆனால் விலக்குத் தானாக வராது. உதயம் சான்றிதழில் அந்தப் பொருளுக்கான குறியீடு இருக்க வேண்டும், விலக்குக் கோரும் கடிதத்தையும் இணைக்க வேண்டும்.

குறு, சிறு நிறுவனங்களிடம் 25 சதவீதம் வாங்க வேண்டும், அதில் பெண்களுக்கு 3 சதவீதம் என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது மத்திய அரசுத் துறைகளுக்கும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்குமான 2012-ஆம் ஆண்டு ஆணை. மாநகராட்சிக்கு அது பொருந்தாது. அதை நம்பி மேசையில் வாதாடிப் பயனில்லை. டெண்டர் ஆவணத்தில் மாநிலச் சலுகை என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

6. தளத்தில் ஏற்றுவது

டிஎன்டெண்டர்ஸ் என்ற தமிழ்நாடு அரசின் மின் கொள்முதல் தளத்தில் பதிவு இலவசம். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு பகுதி இருக்கும். இங்கே விழுந்தவர்கள் நிறைய, அதனால் கவனியுங்கள்.

விலைப் பட்டியல் எக்செல் கோப்பாக வரும். அதை இறக்கி, அதிலேயே நிரப்பி, பெயரை மாற்றாமல் அப்படியே ஏற்ற வேண்டும். பெயரை மாற்றினாலோ பழைய டெண்டரின் கோப்பைப் பயன்படுத்தினாலோ தளம் ஏற்காது. விலையை ஜிஎஸ்டியோடு போடுவதா, இல்லாமலா என்று கோப்பின் தலைப்பையே படித்து உறுதிசெய்யுங்கள்.

விலையைத் திருத்த நினைத்தால் ‘மறுசமர்ப்பிப்பு’ வழியாகப் போங்கள். ‘திரும்பப் பெறுதல்’ பொத்தானை அழுத்திவிட்டால் அந்த டெண்டரில் மறுபடி கலந்துகொள்ளவே முடியாது.

கடைசி நாள் மாலை வரை வைத்திருக்காதீர்கள். தளத்தின் மேலே ஓடும் கடிகாரம்தான் கணக்கு, உங்கள் கணினியின் நேரம் செல்லாது. முந்தைய நாளே ஏற்றி, ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வையுங்கள். மாதிரிப் பை நேரில் கொடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டு பை எடுத்துப்போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "மாதிரி வேற, சப்ளை வேற" என்ற பேச்சு வந்தால் அந்த ஒரு பைதான் சாட்சி.

உங்களை ஒதுக்கியது நியாயமில்லை என்று பட்டால், உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். நாள் மிகக் குறைவு. முடிவு செய்வதை இழுக்காதீர்கள்.

7. சப்ளை

சப்ளை ஆர்டர் கையில் வராமல் துணி வெட்டாதீர்கள். "ஆர்டர் ரெடியாகுது, நிகழ்ச்சிக்கு அவசரம், முதல்ல 5,000 குடுத்துடுங்க" என்று போனில் கேட்பார்கள். ஆர்டர் தேதிக்கு முன் இறக்கிய சரக்குக்குப் பில் போடுவது பெரும்பாடு. தணிக்கையில் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான்.

இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் டெலிவரி சலானில் எண்ணிக்கை, தேதி, பெயர், முத்திரை நான்கும் வேண்டும். இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்க எண்ணையும் சலானிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். இந்தப் பக்க எண் இல்லாமல் கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பிவிடும்.

தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதிய டெண்டரும் புதிய ஆர்டரும் நின்றுவிடும். தேர்தல் வருகிற ஆண்டில் துணியை மொத்தமாக வாங்கிப்போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

8. பணம் வாங்குவது

பில், சப்ளை ஆர்டர் நகல், முத்திரையிட்ட சலான்கள், தர ஆய்வு அறிக்கை, வங்கி விவரம் ஆகியவற்றை ஒரே கட்டாகக் கொடுத்து, உங்கள் நகலில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிப்ரவரிக்குள் பில் உள்ளே போய்விட வேண்டும். மார்ச்சில் எல்லாரின் பில்லும் குவியும்.

ஒப்பந்த மதிப்பு, வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டினால் 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ், அதாவது பில்லிலேயே கழிக்கும் வரி, பிடிப்பார்கள். அந்தப் பணம் உங்களுடையதுதான். ஜிஎஸ்டி தளத்துக்குள் போய், டிடிஎஸ் வரவு என்ற பகுதியில் நீங்கள் ‘ஏற்கிறேன்’ என்று கொடுத்தால்தான் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு வரும். பல பேர் இதைச் செய்யாமல் பணம் அங்கேயே கிடக்கிறது.

தாமதம் ஆனால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் (எம்எஸ்எம்இடி), 2006 உங்கள் பக்கம் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்பந்தப்படி, அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ‘வணிகம்’ என்று உதயத்தில் பதிந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. உற்பத்தி என்று பதியச் சொன்னது இதற்காகத்தான். ஆர்டர் வாங்கிய பிறகு அவசரமாகப் பதிவதும் வழக்கில் சிக்கலாகும், முன்பே பதிந்திருங்கள்.

முதலில் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஆணையருக்கு மரியாதையாக ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்புங்கள். பல பில்கள் அந்தக் கடிதத்திலேயே நகர்ந்துவிடும். நகரவில்லை என்றால் மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையத் தளத்தில் மனு. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள, பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றங்களில் உங்கள் வட்டாரத்துக்கு உரியதற்குப் போகும். சட்டம் 90 நாளில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் கூடுதலாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாதுகாப்பு வைப்புத் தொகை. பில் பணம் வந்ததும் பெரும்பாலானவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், அலுவலகமும் தானாக அனுப்பாது. ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடிந்த மறுநாளே தனி விண்ணப்பம் கொடுங்கள். வைப்புத் தொகை கட்டிய ரசீதின் நகலையும், பணி முடிப்புச் சான்றிதழையும் இணையுங்கள். அந்தச் சான்றிதழில் எண்ணிக்கை, மதிப்பு, தேதி மூன்றும் இருக்கட்டும். அடுத்த டெண்டரில் முன் அனுபவத்துக்கு இதையே இணைக்கலாம்.